ஏழு ஐந்து விமானமும் நடந்துவந்த பருந்துகளும்

மதிலடிச் சந்தையில் யாரும் எதற்கும் வருஷம் சொல்வதில்லை. பருந்துகள் நடப்பதற்கு முன்னால் என்பார்கள், பருந்துகள் நடந்த மாசம் என்பார்கள், பருந்துகள் திரும்ப மேலே போன பிறகு என்பார்கள். செய்யது பாயின் மூத்த மகளுக்கு நிக்காஹ் நடந்தது முன்னால், முத்துக்கனிக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியது அந்த மாசத்தில், குளத்தங்கரை மினிபஸ்ஸுக்குப் புது வண்டி வந்தது பிறகு. வெளியூர்க்காரர் யாராவது, பருந்து நடந்ததா என்று வாயைப் பிளந்தால் அவருக்கு விளக்கம் சொல்ல ஒருவரும் நிற்பதில்லை. சாளை மீனும் நெத்திலியும் வெயிலேறும்வரை காத்துக் கிடக்காது.

சந்தைக்கு ஒரு பக்கம் கடலுக்குப் போகிற ரோடு, ஒரு பக்கம் குளம், குளத்துக்கு அந்தக் கரையில் தைல மரங்கள், இன்னொரு பக்கம் விமான நிலையத்தின் நெடுமதில். மதிலுக்கு அந்தப்புறம் ஓடுபாதை. காலையில் ஏழு ஐந்துக்கு ஒரு விமானம், சாயங்காலம் ஒரு விமானம். காலை விமானம் சந்தையின் தலைக்கு மேலேதான் எழும்பும், அது எழும்புகிற நேரம் தராசுத் தட்டுகள் தாமாக ஆடும், ஐஸ் பெட்டிக்குள் ஐஸ் முனகும், பேரம் பேசுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு விரலால் விலை காட்டுவார்கள்.

மதிலை ஒட்டிய முதல் மேடை சவரியம்மாளுடையது. அவள் மீன் விற்பவள் அல்ல, வாங்கியவர்களுக்கு மீன் ஆய்ந்து கொடுப்பவள். அருவாமணையில் அவள் உட்கார்ந்தால் ஒரு கிலோ சாளை செதில் உதிர்ந்து, தலை போய், குடல் போய்த் தட்டில் வரிசையாகப் படுப்பதற்குள் ஒரு டீ ஆறாது. ஆனால் முதல் மேடை என்பது கைவேகத்துக்காகக் கொடுத்த இடமில்லை. முதல் மேடைக்காரிக்கு ஒரு முறை இருந்தது. அன்றைக்கு வந்த மீனில் முதல் மீனை அவள்தான் அறுக்க வேண்டும், அதன் குடலையும் செவுளையும், முந்தின நாள் ஐஸில் எடுத்துவைத்த வாளிக் குடலையும் அவள்தான் மேலே வீச வேண்டும், பருந்துகள் அதை மண்ணில் விழவிடாமல் காற்றிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும், அதன் பிறகுதான் சந்தையில் மற்ற எவரும் கத்தியைத் தொடலாம். அதற்கு மேல்பங்கு என்று பேர். சவரியம்மாள் பத்தொன்பது வருஷமாக மேல்பங்கு வீசிக்கொண்டிருந்தாள், காலை ஆறு முப்பத்தைந்துக்கு, ஒரு நிமிஷம் முந்தாமல் பிந்தாமல்.

அவள் நேரம் தவறாததற்குக் காரணம் ஒழுங்கு என்று சந்தையில் நினைத்தார்கள். காரணம் பயம். சவரியம்மாளுக்கு எல்லாவற்றிலும் பயம். அடுப்பை அணைத்தோமா என்று பயம், அணைத்த அடுப்பில் சிலிண்டர் மூடியைத் திருகினோமா என்று பயம், பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று பயம், இழுத்துப் பார்த்ததில் பூட்டு தளர்ந்துவிட்டதோ என்று அதற்கு மேல் ஒரு பயம். கட்டிக்கொடுத்த மகள் போன் எடுக்காவிட்டால் பயம், எடுத்து நன்றாகப் பேசினால் எதையோ மறைக்கிறாள் என்று பயம். புருஷன் போன பிறகு அந்த வீட்டில் கவலைப்பட வேறு ஆளில்லாததால் முழு வீட்டுக்குமான கவலையை அவள் ஒருத்தியே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதனால் நாலரைக்கே எழுந்து, எல்லாவற்றையும் மூன்று தடவை பார்த்து, அப்படியும் ஆறே காலுக்கு மேடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"ஏட்டி சவரி, நீ ராத்திரி தூங்குதியா இல்ல ஊருக்குக் காவல் நிக்கியா?" என்று பக்கத்து மேடையிலிருந்து முத்துக்கனி கேட்பாள். முத்துக்கனி மீன் விற்பவள், சவரியம்மாளைவிட ரெண்டு வயசு சின்னவள், நாக்கு மட்டும் பத்து வயசு பெரியது.

"தூங்கத்தான் செய்யுதேன். கண்ண மூடிக்கிட்டு கவலப்படுதேன், அம்புட்டுதான்."

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. சவரியம்மாள் பாதித் தூரம் வந்தவள் குளத்தங்கரையில் நின்றாள். சிலிண்டர் மூடி. திரும்பிப் போய்ப் பார்த்தாள், இறுகத் திருகியிருந்தது. மறுபடி பாதித் தூரம் வந்தாள். பார்க்கிறபோது கைபட்டுத் திறந்திருந்தால்? மறுபடி போனாள், மறுபடியும் இறுகத்தான் இருந்தது. கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி அவள் சந்தைக்கு வந்துசேர்ந்தபோது மணி ஏழு மூன்று. முப்பது மேடைகளிலும் மீன் இறங்கியிருந்தது, ஒரு கத்தியும் எழவில்லை. முதல் மேடைக்காரி வராமல் அறுக்கிற துணிச்சல் எவருக்கும் இல்லை. வானத்தில் நாற்பத்தொரு பருந்துகள், சவரியம்மாளுக்கு ஒவ்வொன்றையும் தெரியும், அத்தனையும் சோறு போடப் பிந்திய வீட்டுப் பிள்ளைகள் மாதிரி மதிலுக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன.

அவள் மூச்சு வாங்க உட்கார்ந்தாள், ஒரு விளமீனை எடுத்தாள், அறுத்தாள், வீசினாள். அப்போது ஏழு ஐந்து.

தராசுத் தட்டுகள் ஆட ஆரம்பித்தன. விமானம் மூக்கைத் தூக்கி மதிலுக்கு மேலே வந்தது, பருந்துகள் குடலுக்காகச் சரிந்தன, பிறகு விமானத்திலிருந்து சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி மூன்று வெடிச் சத்தம், ஒன்று, ரெண்டு, மூன்று, திருவிழாவில் அதிர்வேட்டு போடுகிற இடைவெளியில். விமானத்தின் இடது இன்ஜின் பின்னாலிருந்து ஒரு தீநாக்கு நீண்டு உள்ளே போனது. அதன் இரைச்சல் பாதியாகக் குறைந்ததுதான் எல்லாவற்றிலும் பயமாக இருந்தது. விமானம் ஒரு பக்கத் தோள் சாய்ந்தவனைப் போலக் கடல் பக்கம் மெல்லத் திரும்பியது. சந்தையில் நின்ற அத்தனை பேரும், தங்களில் ஒருவர்கூட அதில் ஏறியதில்லை என்றாலும், தங்கள் வீட்டு ஆள் போகிற மாதிரி கழுத்தை வளைத்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பதினெட்டு நிமிஷம் கழித்து அது ஒற்றை இன்ஜினோடு திரும்பி வந்து இறங்கியது. நூற்றறுபத்திரண்டு பேர் ஒரு கீறல் இல்லாமல் இறங்கி நடந்தார்கள். செய்யது பாய் தன் கறிக்கடை மரக்கட்டையில் சாய்ந்து அழுதார், முத்துக்கனி சாமி பேர் ஏழெட்டைச் சொன்னாள்.

சவரியம்மாள் வானத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பது. மறுபடி எண்ணினாள், நாற்பது. வாலில் ஒரு பக்கம் பிசிறாக இருக்கும் சேவல் பருந்தைக் காணோம். தைல மரத்தில் அதன் கூடு இருந்தது, கூட்டில் இறகு முளைக்கிற ஒற்றைக் குஞ்சும் அதைப் பார்க்கும் பெட்டையும் இருந்தன.

விமான நிலையத்து ஜீப்பில் வேட்டுப் போட்டுப் பறவை விரட்டுகிற திரவியம் ஓடுபாதையில் ஒரு நீள இறகைப் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தான். பறவை மோதியதாகச் சந்தேகிக்கப்படுகிறது என்று பேப்பரில் வந்தது. மறுநாளே மதிலில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: மீன், இறைச்சிக் கழிவுகள் பறவைகளை ஈர்ப்பதால் சந்தை முப்பது நாளில் காலிசெய்யப்பட வேண்டும்.

"சந்தேகம்னுதான் போட்டிருக்காவ," என்றார் செய்யது பாய். "சந்தேகத்துக்கு எதுக்குவே முப்பது மேடைய இடிக்கணும்?"

"நம்ம பருந்து அப்பிடிச் செய்யாது," என்றாள் முத்துக்கனி. "அது எங்கேயோ வெளியூருப் பருந்து. இன்ஜினே ஓட்டையா இருந்திருக்கும்."

எல்லோரும் அதையே சொன்னார்கள். நான் பிந்தினேன், நான் பிந்தினேன் என்று சவரியம்மாளின் அருவாமணை மட்டும் ஒவ்வொரு செதிலுக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. அன்று மத்தியானம் சந்தை ஒழிந்த பிறகு அவள் மதிலடியில் நின்று, பயம் முற்றிக் கோபமாகிற அந்த இடத்துக்கு வந்து, தைல மரங்களைப் பார்த்துக் கத்தினாள்.

"நான்தான் பிந்திட்டேன், உங்களுக்கு அறிவெங்க போச்சு? பிளேனு வாற நேரம்னு தெரியாதா? ரெக்கை இருக்குன்னு திமிரா? காலுன்னு ரெண்டு எதுக்குக் குடுத்திருக்கு? இனிமே வேணும்னா நடந்து வாங்க! நடந்து வந்து வாங்கித் தின்னுங்க!"

பருந்துகள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை ஆறு இருபத்தைந்துக்குக் குளத்தங்கரை ரோட்டில் நாற்பது பருந்துகள் நடந்து வந்தன. ரோட்டின் இடதோரமாக, ஒன்றன் பின் ஒன்றாக, புதுச் செருப்பு கடிக்கிற ஆட்கள் மாதிரி காலை அகட்டி வைத்து, சிறகுகளைப் பின்னால் கை கட்டியது போல் மடித்துக்கொண்டு வந்தன. சந்தை வாசலில் நகம் சிமெண்டில் பட்டு டக்டக்கென்று கேட்டது. முதல் மேடைக்கு முன்னால் வந்து நின்றன. சவரியம்மாள் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தாள். பிறகு, மேலே வீச முடியாததால், குனிந்து, ஒவ்வொன்றின் வாயிலும் கையாலேயே வைத்தாள்.

"என்ன, நடந்து வருது?" என்றாள் முத்துக்கனி.

"நான்தான் வரச் சொன்னேன்," என்றாள் சவரியம்மாள்.

"அப்ப சரி," என்று முத்துக்கனி தன் நெத்திலிக்குத் தண்ணீர் தெளித்தாள்.

சந்தை மூன்றே நாளில் பழகிவிட்டது. முதல் நாள் குரைத்த நாய்கள் மறுநாள் முகர்ந்து பார்த்தன, மூன்றாம் நாள் ஒதுங்கி வழிவிட்டன. ஆட்டோக்காரர்கள் குளத்தங்கரையில் ஹாரன் அடிப்பதை நிறுத்தினார்கள். வெயில் ஏறினால் தார் கொதிக்குமே என்று செய்யது பாய் ஈரச் சாக்குகளை ரோட்டோரம் வரிசையாக விரித்தார், பருந்துகள் அதன் மேலேயே நடந்து திரும்பின. ஒரு கிழட்டுப் பருந்து நடக்க முடியாமல் மினிபஸ்ஸில் ஏறிவிட்டது, கண்டக்டர் அதை முன்சீட்டுக் கம்பியில் உட்காரவைத்து ரெண்டு ஸ்டாப் தள்ளி மரத்தடியில் இறக்கிவிட்டார், மறுநாளிலிருந்து அது அதே பஸ்ஸுக்காகக் காத்து நின்றது. மாதா கோவில் சாமியார் பிரசங்கத்தில் அவற்றின் பணிவைப் பற்றிப் பேசினார், அம்மன் கோவில் பூசாரி அவற்றுக்குத் திருநீறு வைக்க முயன்று விரலில் கொத்து வாங்கி, வாங்கியதைப் பெரிய பாக்கியமாக எல்லோரிடமும் காட்டினார். பெண்கள் மீனுக்கு நிற்கிற வரிசையில் பருந்துகளும் நின்றன. "இது எனக்குப் பின்னால வந்தது, இப்ப முன்னால நிக்கி" என்று ஒரு டீச்சரம்மா புகார் சொன்னபோது சந்தை அந்தப் புகாரை முறையாக விசாரித்தது, பருந்து பின்னால் போய் நின்றது.

பக்கத்து ஊர்ச் சந்தைக்காரர்கள் வேன் பிடித்துப் பார்க்க வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மதிலடிக்காரர்கள் ரொம்பச் சாதாரணமாக நடந்துகொண்டார்கள். "ஆமா, நடக்கும். உங்க ஊர்ல நடக்காதா?" என்று முத்துக்கனி கேட்டாள். ஏழு ஐந்து விமானம் துடைத்த வானத்தில் போனது. அது போகும்போது பருந்துகள் தரையில் நின்றபடி நிமிர்ந்து பார்த்தன, பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டன.

விமான நிலையத்து அதிகாரி கோமதிநாயகம் பைனாகுலரோடு வந்து மூன்று நாள் வானத்தைப் பார்த்தார். பறவை இல்லை. மூன்றாம் நாள் அவருடைய காலடியில் ஏதோ தட்டியது. குனிந்தார். ஒரு பருந்து அவர் நகர்வதற்காகப் பொறுமையாக நின்றுகொண்டிருந்தது. அவர் "சாரி" என்று ஒதுங்கினார். அதிகாரியே வழிவிட்டார் என்ற பேச்சு அன்று சாயங்காலத்துக்குள் உப்பளம்வரை போனது. வானில் பறவை நடமாட்டம் இல்லை, தரையில் செல்பவை போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்யவில்லை என்று அவர் எழுதி அனுப்பினார், சந்தையை இடிக்க வேண்டாம் என்று மேலிடத்தில் பேச்சு ஆரம்பித்தது.

சந்தை பூரித்தது. முப்பது குடும்பம் பிழைத்தது யாரால்? முதல் மேடைக்காரியால். சவரியம்மாளைப் பார்த்து ஆட்கள் எழுந்து நின்றார்கள். அவளுக்குச் சால்வை போர்த்த வேண்டும் என்று முடிவானது.

சவரியம்மாள் மட்டும் பருந்துகளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகங்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. பாதம் வெடித்து, சிமெண்டில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் கிடந்தன, அவள் யாரும் வருவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். ஒரு நாள் சந்தை முடிந்து அவள் குளத்தைச் சுற்றிக்கொண்டு தைல மரத்தடிக்குப் போனாள். பெட்டைப் பருந்து அலகில் மீனோடு கிளைக்குக் கிளை தாவித் தாவி, நடுவில் நின்று மூச்சு வாங்கி, மாடி வீட்டுக்குக் குடத்தில் தண்ணீர் தூக்குகிறவளைப் போல ஏறிக்கொண்டிருந்தது. மேலே கூட்டின் விளிம்பில் குஞ்சு நின்றது. அதற்கு இறகு முழுசாக முளைத்துவிட்டது. சிறகை விரித்துப் பார்த்தது, காற்று அதை லேசாகத் தூக்கியது, அது பயந்து மடக்கிக்கொண்டது. பிறகு காலைக் கீழே விட்டு, கிளையைத் தடவி, அம்மா செய்கிற மாதிரியே இறங்கிப் பார்த்தது.

பயப்படுகிறவளுக்குப் பயப்படுகிறவளைத் தெரியும். சவரியம்மாள் தன் மகளுக்கு எதையாவது சொல்லிக் கொடுத்தாள் என்றால் அது பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பதைத்தான். அதைப் போய் ஆகாயத்தில் பிறந்ததற்கும் சொல்லிக்கொடுத்துவிட்டோமே என்று அவள் மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். பறந்து போங்க என்று ஒரு சொல் சொன்னால் அவை பறக்கும், அது அவளுக்குத் தெரியும். அவை பறந்தால் அடுத்த வாரம் முப்பது மேடையும் இடிபடும், அதுவும் தெரியும்.

சால்வை போர்த்துகிற நாளன்று சந்தை நடுவே பந்தல் போட்டிருந்தார்கள். கோமதிநாயகம் வந்தார், திரவியம் வந்தான், அன்றைக்கு விமானத்தை ஒற்றை இன்ஜினில் இறக்கிய பைலட்டும் வந்திருந்தார். குட்டையான, அதிகம் பேசாத ஒரு பெண். பருந்துகள் பந்தலுக்கு வெளியே ஈரச் சாக்கில் வரிசையாக நின்றன. செய்யது பாய் சால்வையை விரித்தார்.

"போத்தாதிய பாய்," என்றாள் சவரியம்மாள். "நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அடிபட்டது நம்ம பருந்துதான். வெளியூருப் பருந்தில்ல. வால் பிசிறுன சேவல்."

"ஏட்டி," என்று முத்துக்கனி பல்லைக் கடித்தாள், "வாய மூடு."

"மூடித்தான இருந்தேன் இத்தன நாளு. சார், தப்பு பருந்து மேல இல்ல, என் மேல. பத்தொம்பது வருசமா ஆறு முப்பத்தஞ்சுக்கு நான் மேல்பங்கு வீசுவேன். பத்து நிமிசத்துல தின்னுட்டு மரத்துக்குப் போயிரும். வயிறு நெறஞ்ச பருந்து வெயிலு ஏறுத வரைக்கும் அசையாது. உங்க பிளேனு போவும். சாயங்காலப் பிளேனுக்கு அதுக உப்பளத்துப் பக்கம் போயிருக்கும். அன்னிக்கு நான் சிலிண்டரு மூடியப் பாக்க ரெண்டு தடவ வீட்டுக்குத் திரும்பிப் போனேன். வீசும்போது ஏழு அஞ்சு. அதுக பசியோட எனக்காவச் சுத்திக்கிட்டு நின்னுச்சு. அம்புட்டுதான் நடந்தது."

செய்யது பாய் சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா," என்றார் கோமதிநாயகம், "அப்போ பத்தொன்பது வருஷமா அந்த விமானத்துக்கு ஒண்ணும் ஆகாததுக்குக் காரணம் நீங்க நேரத்துக்கு வந்ததுதான்னு சொல்றீங்களா?"

"பெருமைக்குச் சொல்லல சார்." சவரியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, பெருமைக்கும்தான் சொல்லுதேன்."

யாரோ சிரித்தார்கள். திரவியம் சிரிக்கவில்லை. "சார், நான் ஆறு வருசமா காலைல ஒரு வேட்டு போட்டதில்ல," என்றான். "ஆறே முக்காலுக்கு ஜீப்ப எடுத்தா வானம் கழுவி வச்ச மாதிரி இருக்கும். என் ஜீப்பப் பாத்துத்தான் பயப்படுதுன்னு வீட்ல சொல்லிக்கிட்டிருந்தேன். அந்தச் செவ்வாக்கெழம சுத்துனதப் பாத்துத்தான் மொத வேட்டு போட்டேன். ஒண்ணும் நகரல. யாருக்கோ காத்துக்கிட்டிருந்த மாதிரிதான் இருந்துச்சு."

"சரி, இப்பத்தான் நடக்குதே," என்றார் கோமதிநாயகம். "அப்படியே நடக்கட்டும். சந்தையும் இருக்கும். இதைச் சொல்லி உங்களுக்கு என்ன வேணும்?"

"அதுக பறக்கணும் சார். மரத்துல ஒரு குஞ்சு எறங்கி நடக்கப் படிக்கி. அதப் பாத்துக்கிட்டு என்னால மீன் ஆய முடியாது. நான் நேரத்தப் பாத்துக்கிடுதேன். மதிலுக்கு மேல ஒரு கம்பு நடுதேன். பருந்து மேல இருந்தா சேப்புச் சேல ஏத்துதேன், எல்லாம் அடங்குனா எறக்குதேன். சேல ஏறியிருக்குத வரைக்கும் பிளேனு போவக் கூடாது. அம்புட்டுதான்."

கோமதிநாயகம் வாயைத் திறந்தார், ஒரு சேலைக்கு ஒரு விமானமா என்று கேட்க வந்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதற்குள் பைலட் எழுந்து வந்து சவரியம்மாளுக்கு முன்னால் நின்றார்.

"வால் ஒரு பக்கம் பிசிறா இருந்துச்சுன்னு சொன்னீங்க. இடது பக்கமா?"

"ஆமாம்மா. எடது."

"கண்ணாடிக்கு முன்னால வந்துச்சு. கடைசி நொடில அது என்னைப் பாத்துச்சு." பிறகு அந்தப் பெண் அதிகாரி பக்கம் திரும்பிச் சொன்னார். "சார், தரையில காத்திருக்கறது எங்களுக்கு ஒரு கஷ்டமே இல்ல. அஞ்சு நிமிஷம் நிக்கலாம், பத்து நிமிஷம் நிக்கலாம். அன்னிக்கு மேல பதினெட்டு நிமிஷம் காத்திருந்தேன் பாருங்க, அதுதான் கஷ்டம். இந்தம்மா சேலைய இறக்கற வரைக்கும் நான் நிக்கறேன்."

பத்து நாள் வெள்ளோட்டம் என்று முடிவானது. ஒரு நாள் தவறினாலும் சந்தை போகும். பந்தல் பிரிக்கும்போது முத்துக்கனி சவரியம்மாளின் பக்கம் திரும்பவே இல்லை. "பொழச்ச சந்தையக் கொண்டு போய்ச் சேலயில கட்டித் தொங்கவிட்டுட்டியேட்டி. அதுவும் நீ! பூட்டத் தொட்டாலே நடுங்குவ." அப்படிச் சொன்ன அவள்தான் மறுநாள் தன் கல்யாணச் சிவப்புச் சேலையைக் கொண்டு வந்து போட்டாள். "உன் சேல எல்லாம் சாயம் போனது. பிளேனுலருந்து பாத்தாத் தெரியாண்டாமா?"

வெள்ளோட்டத்தின் முதல் நாள் காலை ஆறு முப்பத்தைந்துக்கு நாற்பது பருந்துகளும் நடந்து வந்து முதல் மேடைக்கு முன்னால் வாயைத் திறந்து நின்றன. சவரியம்மாள் முதல் மீனை அறுத்தாள். குனியவில்லை. "போதும் நடந்தது," என்று மெல்லச் சொன்னாள், "உங்க வழியில போங்க," என்று குடலைத் தன் பலம் முழுக்கச் சேர்த்து மேலே வீசினாள்.

ஒரு நொடி ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒரே சமயத்தில் எண்பது சிறகுகள் விரிந்தன, மேடைகளில் கிடந்த செதிலெல்லாம் எழும்பி வெள்ளித் தூளாகப் பறந்தது, தராசுத் தட்டுகள் விமானம் வராமலேயே ஆடின, முப்பது மேடை ஆட்களும் தலைத்துணியைப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நிமிர்ந்து நின்றார்கள். மதில் மேல் சேலை ஏறியது. பருந்துகள் தின்றன, சுற்றின, ஆறு ஐம்பதுக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் தைல மரத்துக்குத் திரும்பின. சவரியம்மாள் எண்ணினாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. பெட்டையை மட்டும் காணோம்.

அது கூட்டுக்கு மேலே காற்றில் நின்றுகொண்டிருந்தது. குஞ்சு விளிம்பில் நின்றது. பெட்டை விலகிப் போய்த் திரும்பி வந்தது, விலகிப் போய்த் திரும்பி வந்தது. ஏழு மணி. ஏழு மூன்று. ஓடுபாதையின் கோடியில் விமானம் வந்து நின்று உறும ஆரம்பித்தது. அப்போதுதான் குஞ்சு கிளையை விட்டது, கல் மாதிரி விழுந்தது, குளத்துத் தண்ணீரைத் தொடப்போகிற இடத்தில் காற்று அதைத் தாங்கியது, அது தள்ளாடித் தள்ளாடி, கண்டபடி சிறகை அடித்துக்கொண்டு, நேராக மதிலைத் தாண்டி ஓடுபாதைக்கு மேலே போனது.

ஏழு ஐந்து.

"எறக்கிராதட்டி!" என்று கத்தியது முத்துக்கனிதான். "எறக்கிராத!"

சவரியம்மாள் இறக்கவில்லை. கம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பூட்டுக்குப் பயந்தவள், சிலிண்டருக்குப் பயந்தவள், மகள் நன்றாகப் பேசினால்கூடப் பயந்தவள், ஒரு முழு விமானத்துக்கு எதிரே கையை நடுங்கவிடாமல் நின்றாள். விமானமும் நின்றது. ஏழு ஆறு, ஏழு ஏழு. குஞ்சு விமானத்தின் மூக்குக்கு மேலேயே ஒரு வட்டம் போட்டது, பயம் தெளிந்து இன்னொரு வட்டம் போட்டது, அது பிடித்துப்போய் மூன்றாவது வட்டமும் போட்டது. ஏழு ஒன்பது. செய்யது பாய் வாளியிலிருந்து எடுத்து ஓடிவந்து நீட்டிய மீன்குடலைச் சவரியம்மாள் ஒரு கையால் வாங்கி மேலே வீசினாள். குஞ்சு திரும்பிப் பார்த்தது, சரிந்தது, மண்ணில் விழவிடாமல் காற்றிலேயே வாங்கியது, தாயின் பின்னால் தைல மரத்துக்குப் போய் உட்கார்ந்தது.

நாற்பத்தொன்று.

அவள் சேலையை இறக்கினாள். விமானம் ஓடி வந்து, எழும்பி, ரெண்டு இன்ஜினும் ஒரே குரலில் பாட, சந்தையின் தலைக்கு மேலே போனது. மணி ஏழு பதினொன்று. அதற்குப் பிறகுதான் மதிலடிச் சந்தையில் கத்திகள் எழுந்தன.

எட்டு மணிவாக்கில் திரவியம் ஜீப்பை நிறுத்திவிட்டு டீ குடிக்க வந்தான். பைலட்டம்மா ஜன்னல் வழியாகக் கையாட்டினாராம், கோமதிநாயகம் சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் குஞ்சு நன்றாகத்தான் பறக்கிறது என்றாராம்.

"உள்ள இருந்தவியல்லாம் என்ன சொன்னாவ?" என்று கேட்டார் செய்யது பாய். "ஆறு நிமிசம் நிப்பாட்டியாச்சே."

"அவியளுக்கென்ன தெரியும் பாய்? தவிர்க்க முடியாத காரணத்தால் சிறிது தாமதம்னு மைக்ல சொல்லியிருக்காவ. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

முத்துக்கனி நெத்திலியைத் தட்டில் குவித்தபடி, அக்கம்பக்கத்து நாலு மேடைக்குக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள். "அது யாருட்டி அது, அந்தத் தவிர்க்க முடியாத காரணம்?"

சவரியம்மாள் தலை நிமிரவில்லை. அருவாமணையில் ஒரு சாளையைச் சாய்த்து, வாலிலிருந்து தலைக்குச் செதிலை ஒரே இழுப்பில் உதிர்த்தாள்.

"நான்தான்," என்றாள்.